மஞ்சளும் பச்சையும் ஒரே சாம்பல்

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதை அழித்துவிடுவேன். ஆளை அடிக்க மாட்டேன், சத்தம் போட மாட்டேன். மச்சானோடு மனஸ்தாபம் என்றால் அவர் நம்பரை போனிலிருந்து எடுத்துவிடுவேன். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு அவர் கூப்பிடும்போது "யாரு பேசுறது?" என்று கேட்டு அசடு வழிவேன். என் மனைவிக்கு இந்தக் குணம் அத்துப்படி. "இந்த மனுசனுக்குக் கோபம் வந்தா மொதல்ல வீட்டு கிரான்ட் பத்திரத்த ஒளிச்சு வைக்கணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கேமரா வாங்கிய பிறகு நான் அழித்த ஒன்றைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு மெஷின் பழுது பார்க்கும் வேலை. நாற்பது வயதுக்கு மேல் கேமராப் பைத்தியம் பிடித்தது. ஓய்வு நாள் வந்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆள்களைப் படம் எடுக்க எனக்கு வராது. கேமராவைப் பார்த்ததும் பல்லை இளிப்பார்கள், எனக்கு எரிச்சல் வரும். அதனால் இயற்கைக் காட்சிகள். கோத்தா கோலா மூடாவில் படகுகள், வயல்காட்டில் தண்ணீர் நிற்கும் நாளில் வானம், மழைக்குப் பிறகு செம்பனை வரிசை. இதெல்லாம் போக, சுங்கை லாலாங் பக்கம் நான் பிறந்த ரப்பர்த் தோட்டம்.

அந்தத் தோட்டத்தில் வேதக்காரர்களுக்கென்று ஒரு கல்லறை மேடு உண்டு. மண்சாலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் முழுசாகத் தெரியும். கீழே லாலாங் புல், மேலே சிலுவைகள், அதற்கும் மேலே வானம். சிலுவைகள் எல்லாம் தோட்டத்துத் தச்சர் ஒரே மாதிரி அறுத்துக் கொடுத்த கெட்டி மரம். பெயர் எழுதினால் இரண்டு மழைக்கு மேல் நிற்காது. அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் போய்ப் புல்லை வெட்டி, தங்கள் சிலுவைக்குத் தங்கள் நிறத்தைப் பூசிவிட்டு வருவார்கள். பெரும்பாலும் வீட்டுக் கதவுக்கு அடித்து மீந்த சாயம்தான். எங்கள் வீட்டுக்கு நீலம். ஒரு குடும்பம் வேறு குடும்பத்து நிறத்தைத் தொடாது. அதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் மீறினால் தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயமே கூடிச் சண்டைக்கு வந்திருக்கும்.

மேட்டின் இடது ஓரத்தில் பிள்ளைகளின் சிலுவைகள் ஐந்து, ஒரே வரிசையில் நெருக்கி நெருக்கி இருந்தன. அதில் மஞ்சள் சிலுவை எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு அக்காவுடையது. கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் நடை பழகியதே அவர் இடுப்பிலிருந்து இறங்கித்தான் என்று அம்மா சொல்வார். அக்காவின் முதல் பிள்ளை ஒரு பெண். நாற்பது நாள்கூட இருக்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு மேட்டுக்கு வரக்கூடாது என்று அக்காவை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆண்கள்தான் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு அக்காவுக்குக் காலில் வீக்கம் கண்டு, ஏற்றம் ஏற முடியாமல் போயிற்று. வருசா வருசம் அவர் வீட்டுக்காரர் ஏறிப்போய் மஞ்சள் பூசுவார். அக்கா கீழே சாலையில் குடை பிடித்து நின்று பார்ப்பார்.

"பூசிட்டாரா?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். "தெரியுதே, மஞ்சளா" என்றதும் கும்பிடுவார். அவ்வளவுதான், அக்காவுக்குத் திருநாள் முடிந்தது.

ஒரு வருடம் திருநாள் முடிந்த மறுநாள் காலையில், அதே சாலையில் அக்கா நிற்கும் இடத்தில் நின்று அந்த மேட்டைப் படம் எடுத்தேன். பனி விலகிக்கொண்டிருந்த நேரம். புல் ஈரமாக இருந்தது. புதுச்சாயத்தில் சிலுவைகள் பளிச்சென்று இருந்தன. எனக்கே நம்ப முடியவில்லை, நானா எடுத்தேன் என்று. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

அலோர் ஸ்டார் மெர்கோங்கில் கடைவீட்டு மாடி ஒன்றில் படம் எடுப்பவர்கள் மாதம் ஒரு முறை கூடுவார்கள். நானும் போவேன். அந்த மாதம் என் மேட்டைப் பெரிய திரையில் போட்டார்கள். ஒருவர் சொன்னார், "நல்லாத்தான் இருக்கு, ஆனா மளிகைக்கடை காலண்டர் மாதிரி இருக்குலா." சிரிப்பு. இன்னொருவர் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்து, "புல்லு அழகு, வானம் அழகு. நடுவுல இது என்ன கலர் கலரா? குச்சி ஐஸ்கிரீமா?" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எங்கள் பிள்ளைகளின் கல்லறை என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அந்த மனிதரே மன்னிப்புக் கேட்டிருப்பார், கெட்டவர் இல்லை. நானும் இளித்தேன். ஆள்கள் கேமராவுக்கு இளிக்கிற அதே இளிப்பு. உள்ளே மட்டும் கொதித்தது. கொதித்தது அவர்கள் மேல் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த ஓய்வு நாள் மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். காலண்டரா? காட்டுகிறேன் பார் என்று அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்க ஆரம்பித்தேன்.

கருப்பு வெள்ளை என்றால் நிறத்தை உறிஞ்சி எடுத்துவிடுவது, வேறொன்றுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும், எது எவ்வளவு கறுக்க வேண்டும் என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். திரையில் சிவப்புக்கு ஒரு கோடு, மஞ்சளுக்கு ஒரு கோடு, பச்சைக்கு, நீலத்துக்கு என்று தனித்தனியே கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. இடது பக்கம் இழுத்தால் அந்த நிறம் இருந்த இடமெல்லாம் கறுக்கும், வலது பக்கம் தள்ளினால் வெளுக்கும். நீலத்தை இடது பக்கம் இழுத்தேன். வானம் இடி விழப்போகிற மாதிரி இருண்டது. புல்லில் பச்சையும் இருக்கும், மஞ்சளும் இருக்கும். இரண்டையும் வலது பக்கம் தள்ளினேன். லாலாங் புல் வெள்ளி மாதிரி எழுந்து நின்றது. அடேயப்பா! பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. பச்சையை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். வெளிர்நிறச் சிலுவைகள் சத்தமில்லாமல் புல்லோடு சேர்ந்துகொண்டன. குச்சி ஐஸ்கிரீம் போயே போய்விட்டது.

சேமிக்கப் போனபோது, பழைய படத்தின் மேலேயே எழுதவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். கை தவறி இல்லை, தெரிந்தே. இனி இந்த ஜென்மத்தில் கலரே வேண்டாம் என்ற வீம்பு. அதோடு நின்றேனா? அந்த வருசம் எடுத்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சாம்பலாக்கினேன். கோத்தா கோலா மூடாவின் சிவப்புப் படகு, நீலப் படகு, மீனவர்கள் காயப் போட்ட ஆரஞ்சு வலை, எல்லாம். கேமராவில் இருந்த கார்டையும் துடைத்தேன்.

தேநீர் கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "கலர் டிவி வாங்க அத்தன நாளு ஓவர்டைம் செஞ்ச ஆளு. இப்ப கலரே ஆகாதாம். ஒரு காப்பியாச்சும் வச்சிக்கிட்டா என்னவாம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றேன். எனக்குத்தான் தெரியவில்லை.

மெர்கோங்கில் கை தட்டினார்கள். அதே மனிதர் வந்து தோளில் தட்டி, "இப்பத்தான் படத்துல உசுரு இருக்கு" என்றார். பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு என் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். கிறிஸ்துமஸுக்கு அக்காவும் வீட்டுக்காரரும் வந்தார்கள். தோட்டத்தை விட்டு சுங்கைப்பட்டாணியில் மகன் எடுத்த வீட்டுக்கு அவர்கள் வந்து அப்போது பல வருடம் ஆகியிருந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படத்தைப் பார்த்தார்.

"நம்ம மேடுதானே? நல்லாருக்கு தம்பி. ஆனா வானம் மூடம் போட்ட மாதிரி இருக்கே. எங்க என் மஞ்சளு?"

"கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குக்கா" என்றேன். வாயில் வந்தது, சொன்னேன். பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன பொய். அன்று அது பொய் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வருடம் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். கல்லறை மேட்டில் மஞ்சள் பூச ஆளில்லை. மகன் போயிருப்பான், ஆனால் அதற்குள் தோட்டம் கைமாறி, புதிய கம்பெனி கேட்டைப் பூட்டி வேலி போட்டுவிட்டது. லயங்கள் காலி. புல் ஆளுயரம் ஏறியது. பிறகு ஒரு வறட்சியில் லாலாங் தீப்பிடித்து மேடு முழுக்க எரிந்தது. நான் கேள்விப்பட்டபோது, அடடா, புகை இருந்தபோதே போயிருந்தால் நல்ல படம் கிடைத்திருக்குமே என்று நினைத்தேன். இப்படிப்பட்ட ஆள் நான்.

அதற்குப் பிறகுதான் கோவிலில் அறிவிப்பு வாசித்தார்கள். அந்த மேட்டை வெட்டி வீடுகள் கட்டப் போகிறார்கள். சொந்தக்காரர்கள் வந்து தங்கள் கல்லறையை அடையாளம் காட்டினால் கம்பெனியே தோண்டி எடுத்துத் தரும். கேட்க ஆளில்லாதவற்றை ஒன்றாகச் சேர்த்து வேறொரு இடத்தில் வைத்துவிடும். பூசை முடிந்து நான் வெளியே வருவதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, டவுன் கல்லறையில எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் இடம் வாங்கியாச்சு. அவரு அங்கதான் இருக்காரு. என் புள்ளையவும் கொண்டாந்துடணும். நான் போனா அவ குழியிலயே என்னையும் வைக்கச் சொல்லிருக்கேன். தூக்கி வளக்கத்தான் குடுத்து வைக்கல, பக்கத்துல படுக்கவாச்சும் செய்யணும். எரிஞ்சதுல எது என்னன்னு மகன் போய்ப் பாத்துட்டுத் தெரியலங்கிறான். உன் படம் இருக்குல்ல, அது போதும் எனக்கு."

"இருக்குக்கா. கவலைப்படாதீங்க" என்றேன்.

அன்றே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மலாய்க்காரர் கடைக்கு ஓடினேன். இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் போனதும் தலையை ஆட்டினார். "தாக் போலே, பாங். மேலயே எழுதியாச்சு." முடியாது என்று அவர் மலாயில் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. பழைய படத்துக்குத் தானே நிறம் போட்டுத் தரும் செயலி ஒன்று இருக்கிறதே, அதையும் போனில் இறக்கிப் பார்த்தேன். வானத்துக்கு நீலம் போட்டது. புல்லுக்குப் பச்சை போட்டது. ஐந்து சிலுவைக்கும் மரக்கலர் போட்டது. உலகத்தில் சிலுவை என்றால் மரக்கலர்தான் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பாவம். எங்கள் தோட்டத்து வழக்கம் அதற்கு எப்படித் தெரியும்?

பிறகு என் படத்தையே பெரிதாக்கிப் பார்க்க உட்கார்ந்தேன். சாலையிலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஐந்து. என்னென்ன நிறங்கள் என்பது ஞாபகம் இருந்தது, வரிசைதான் இல்லை. முதலாவது கறுப்பு. நீலத்தை நான் கறுக்க வைத்ததால் அது நீலம், எனக்கு முன்னால் பிறந்து இறந்த எங்கள் வீட்டுப் பிள்ளையின் சிலுவை. இரண்டாவது தூய வெள்ளை, அது வெள்ளைதான். ஐந்தாவது அழுத்தமான சாம்பல், அது சிவப்பு. மிச்சம் மூன்றாவதும் நான்காவதும். ஒன்று அக்காவின் மஞ்சள், மற்றது யாரோ ஒரு குடும்பத்தின் வாழைக்குருத்துப் பச்சை. இரண்டும் ஒரே சாம்பல். புல் மின்ன வேண்டும் என்று நான் மஞ்சளையும் பச்சையையும் சேர்த்துத் தள்ளினேன் இல்லையா, அதில் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகிவிட்டார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, மஞ்சளுக்குப் பக்கத்துல ஒரு பச்சை இருக்குமே. அது நம்மளுக்கு எந்தப் பக்கம்? இடதா, வலதா?"

"அடப்போ தம்பி. முப்பது வருசமா நான் மஞ்சளத்தான் பாத்தேன். பச்சைய எதுக்குப் பாக்கப் போறேன்?" என்று சிரித்தார். "ஏன், படத்துல தெரியலயா?"

அந்தக் கேள்விக்கு 'தெரியலக்கா, நான் கலரை அழிச்சிட்டேன்' என்பதுதான் பதில். அதைச் சொல்லியிருந்தால் அக்கா அழுதிருப்பார், இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பார். பிறகு வேறு வழி தேடியிருப்போம். நிறத்தை நினைவில் வைத்திருக்கும் பழைய ஆட்களை விசாரித்திருக்கலாம். பச்சைக்காரக் குடும்பத்தைத் தேடியிருக்கலாம். தெரியாத இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஒரே குழியில் வைக்க ஃபாதரைக் கேட்டிருக்கலாம். இப்போது உட்கார்ந்து யோசித்தால் வழி வழியாக வருகிறது. அன்று வெட்கம் பிடுங்கித் தின்றது. "தெரியுது தெரியுது, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

ஒரு நாள் தனியாக மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து சிலுவையும் முழங்கால் உயரத்துக்குக் கரிக்கட்டையாக நின்றன. கத்தியால் சுரண்டினேன். ஒரு துளி சாயமாவது ஒட்டியிருக்காதா என்று அடிவரை சுரண்டினேன். கையெல்லாம் கரி. திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தேன். மூன்றாவது ஒரு மயிரிழை வெளுப்பாகத் தெரிந்தது. மஞ்சள்தானே இயல்பாகவே வெளுப்பு என்று மனம் சொன்னது. பச்சையை மஞ்சளைவிடக் கூடுதலாகத் தள்ளியவன் நான்தான், அந்தக் கணக்கு எடுபடாது என்பதும் தெரிந்தது. தெரிந்ததைத் தள்ளி வைத்துவிட்டேன். மூன்றாவது என்று முடிவு செய்தேன்.

தோண்டிய நாளில் அக்காவை நாற்காலியோடு மகனும் நானும் தூக்கி மேட்டில் வைத்தோம். பிள்ளை போய் அத்தனை வருடத்துக்குப் பிறகு அக்கா அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. கம்பெனிப் பெண் ஒரு கட்டுத் தாளோடு நின்றாள். "ஒரு குழிக்கு ஒரு ஃபாரம்தான் அங்கிள். எந்த நம்பர்?"

"மூணு" என்றேன்.

"தம்பி, நிச்சயமாத் தெரியும்ல?" என்றார் அக்கா.

"நாந்தானேக்கா படம் எடுத்தேன்" என்றேன்.

இரண்டு இந்தோனேசியர்கள் தோண்டினார்கள். ஃபாதர் செபம் சொன்னார். ஓர் ஆழத்துக்குக் கீழே மண் கறுப்பாக வந்தது. துருப்பிடித்த ஆணி இரண்டு வந்தது. எலும்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, பச்சைப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அக்கா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி அவ கையில கருகமணி கட்டிவிட்டேன் தம்பி. கண்ணாடி மணி. அது இருக்கான்னு கேளு."

கேட்டேன். தோண்டியவர் மண்ணைக் கையால் அலைந்து பார்த்தார். "தாக் அடா, மக்சிக்," இல்லை என்று அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தன வருசத்துல மண்ணு தின்னுருக்கும்கா" என்றேன்.

மெஷினோடு முப்பது வருடம் மல்லுக்கட்டுகிறவன் நான். கண்ணாடியை மண் தின்னாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த வாக்கியத்தை அவசரத்தில் சொன்னேன், குழப்பத்தில் சொன்னேன் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்த மண்ணை அள்ளி வைத்த சின்னப் பெட்டியைக் காரில் சீட்டில் வைக்க அக்கா விடவில்லை. டவுன் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கையால் பெட்டியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்திலேயே மோட்டாரில் வந்தேன், கார்க் கண்ணாடி வழியாக அந்தக் கை தெரிந்தது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். "அங்கிள், பச்சைச் சிலுவைக்குச் சொந்தக்காரர் வந்திருக்கார். நீங்க வந்து காட்டணும்." ஜொகூரிலிருந்து ராத்திரியெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், லாரி டிரைவர், என்னைவிட மூத்தவர். அவருடைய தம்பிதான் அங்கே இருந்தான். "அம்மா சாகுறப்ப சொல்லிட்டுப் போச்சு, சின்னவன அங்க தனியா விட்றாதீங்கன்னு. எங்களோடது பச்சை. மஞ்சளுக்குப் பக்கத்துல" என்றார். மஞ்சள் மூன்று என்று ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. ஆகவே பச்சை நான்கு. நான் காட்டவே தேவையில்லை.

நான்காவது குழியில் கறுப்பு மண் வந்ததும் தோண்டியவர் நிறுத்தினார். உள்ளங்கையை நீட்டினார். களிமண் ஒட்டிய கருகமணி, ஏழெட்டு இருக்கும். துடைத்தால் பளபளவென்றிருந்தது.

"இது என்ன தம்பி, பாசியா?" என்றார் அந்த அண்ணன். "அம்மா இதச் சொல்லவே இல்லையே. ஆம்பளப் புள்ளைக்குப் போடுவாங்களா?"

பத்து அடி தள்ளி என் மோட்டார் நிற்கிறது, போன் சட்டைப் பையில் இருக்கிறது, அக்கா அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். எல்லாம் இன்னும் திருத்தக்கூடிய நிலையில்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அப்பல்லாம் எல்லாப் புள்ளைக்கும் போடுவாங்கண்ணே" என்றேன்.

அது உண்மைதான், ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் போடுவார்கள். அவர் நம்பினார். மணிகளைப் பெட்டிக்குள் மண்ணோடு போட்டு, மூடி, என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு ஜொகூருக்குப் புறப்பட்டார். அம்மா பக்கத்தில் வைக்கப் போவதாகச் சொன்னார். அவர் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினாலும் நன்றாக இருந்திருக்கும். அவள் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "போய்ச் சொல்லிடுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து அடுப்படியிலிருந்து, "இப்ப வேணாம். அக்கா தாங்காது" என்றாள். அன்றிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் இருக்கிறோம். படத்தை உடைத்துப் போட எனக்குக் கை பரபரத்தது. அப்படியே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அழித்து அழித்துத்தானே இங்கே வந்து நிற்கிறேன்.

அக்காவுக்கு இப்போது எழுத்துப் படிக்கக் கண் போதாது. மகனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். கோழை எழுதுகிற இடம் இது, வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

போன கல்லறைத் திருநாளுக்கு டவுன் கல்லறைக்குப் போனேன். அக்கா சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, மகன் செய்து நட்ட புதுச் சிலுவைக்குத் தன் கையாலேயே மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். இங்கே தரை சமமாக இருப்பதால் ஏற வேண்டியதில்லை. முகத்தில் அத்தனை தெளிவு. மேலே தனக்கு விட்டிருக்கும் இடத்தைக் காட்டி, ஃபாதரிடமும் சொல்லியாச்சு, மருமகளிடமும் சொல்லியாச்சு என்றார்.

"இத்தன வருசம் அடுத்தவங்க புள்ளைங்க நடுவுல கெடந்தா. இனிமே என்கிட்ட இருப்பா. எல்லாம் உன்னாலதான் தம்பி."

அக்கா பிரஷைச் சாய டின்னில் தோய்த்து, ஓரத்தில் வழித்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீயும் ஒரு கை பூசு. இதுவரைக்கும் எங்க வீட்டு ஆளத் தவிர யாரையும் தொட விட்டதில்ல."

வாங்கிப் பூசினேன்.